குரலின் பங்குக் கணக்கு

“அப்பன் பாடிச் சேர்த்ததை மகன் கணக்கெழுதிச் சாப்பிடுகிறான்” என்றோர் ஏளனம் நம்மிடையே சர்வசாதாரணமாக உலவுகிறது. மாங்கேணித் தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்து இதை நானும் கேட்டிருக்கிறேன். ஏச்சுக்கு உரியவர் மறைந்த பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மகன் சரண். கலைஞனின் பிள்ளை கணக்கப்பிள்ளையானால் கலைக்கே தீட்டு என்னும் இந்தப் போலிப் பரிசுத்தவாதத்தை மறுத்தே எழுதுகிறேன்.

பாலசுப்பிரமணியத்தின் தந்தையார் சாம்பமூர்த்தி ஹரிகதை செய்தவர். ஹரிகதைக்காரருக்கு மனேஜர் ஏது? நடத்துவோர் கொடுத்ததே ஊதியம். மகன் திரைக்குப் பல்லாயிரம் பாடல்கள் பாடினார். பாடகர்களுக்கு நெடுங்காலம் பாடிய நாளின் கூலியோடு கணக்கு முடிந்தது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, பாடியவனுக்கும் தொடர்ந்த பங்குண்டு என்பது சட்டத்தில் ஏறிற்று. பேரன் சரண் பாடினார், நடித்தார், ‘சென்னை 600028’, ‘ஆரண்ய காண்டம்’ முதலிய படங்களைத் தயாரித்தார். தந்தையின் ஐம்பதாண்டு இசைவாழ்வை ஒட்டி, 2016 ஓகஸ்டில் ரொறன்ரோவில் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணத்தை வகுத்தவரும் அவரே. அது இலங்கைக்கும் வந்தது.

2017 மார்ச்சில் இளையராஜாவின் சட்ட அறிவித்தல் வந்தது: தம் இசையமைப்பில் உருவான பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடலாகாது. தமக்கு இந்தச் சட்டம் தெரியாதென்றும், சட்டமாயின் பணிவதாகவும் பாலசுப்பிரமணியம் கூறினார். உடனே நம்மவர் கொதித்தனர், “நண்பனிடமே காசா?” என்று இளையராஜாவைத் தூற்றினர். நட்பு வேறு, உழைப்பின் பங்கு வேறு என்பதை உணர்ந்தோர் எத்தனை பேர்? அந்த நட்போ அறுந்துவிடவில்லை. 2019இல் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். தூற்றியவர்கள் அப்போது கைதட்டினார்கள்!

2020 ஓகஸ்ட் 5இல் பாலசுப்பிரமணியம் மருத்துவமனை சேர்ந்தார். செப்டெம்பர் 25இல் காலமாகும்வரை தந்தையின் நிலையை உலகுக்கு அறிவித்துவந்தவர் மகன். மருத்துவக் கட்டணத்தைப் பற்றிக்கூட வதந்தி கிளப்பினார்கள். அதற்கும் அவரே மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

மாண்டபின்னும் குரலை விடவில்லை. 2023இல் வெளிவந்த ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில், செயற்கை நுண்ணறிவால் அவர் குரலைப் போலியாக ஆக்கிக் குடும்பத்தைக் கேளாமலே சேர்த்தனர் என்று சரண் 2024இல் சட்ட அறிவித்தல் விடுத்தார். இதைத்தான் தேநீர்க்கடை ‘பணப்பேய்’ என்கிறது. அதே 2024இல் ஏ. ஆர். ரகுமான், ‘லால் சலாம்’ படத்துக்காகப் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகிய மறைந்த இருவரின் குரல்களையும் குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் கொடுத்தே பயன்படுத்தியதாக அறிவித்தார். கேட்டுப் பெற ஒரு வழி உண்டென்பது அதனால் விளங்கவில்லையா? குரல் என்பது வீடு வளவு போன்ற சொத்தன்று. தொண்டையும் நெஞ்சும் தேய்ந்த உழைப்பு அது. உழைத்தவன் வாய் அடைத்தபின் அவனுக்காகக் கேட்க ஒருவன் வேண்டும்.

சரணைப் பூசிப்பது என் நோக்கமன்று. 2017இல் அனுமதி கேட்கப்படாத பக்கத்தில் நின்றவர், 2024இல் அனுமதி எங்கே என்று கேட்கிறார். இந்த முரணைச் சுட்டத்தான் வேண்டும். ஆனால் அவருடைய இரண்டாவது கேள்வி அதனால் பொய்யாகிவிடாது. இன்னொன்றும் உண்டு: அந்தப் பாடல்களுக்கு வயலின் வாசித்தோர், தபேலா தட்டியோர், குழுப்பாடல் பாடிய பெண்கள் ஆகியோரின் பிள்ளைகளுள் எவரேனும் வழக்கறிஞரைத் தேடிப் போகும் நிலையில் இருக்கிறார்களா? கரைவலையில் கயிறு பிடித்தவனுக்கெல்லாம் பங்குண்டு. இசைத்தட்டில் அது இல்லை.

நம் கூத்துக்களரிக்கு வருவோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துவோர் உரிமையைக் கூறுகிறது; நாட்டார் கலைக்கும் காப்புக் கூறுகிறது. அண்ணாவியார் மத்தளம் அடித்து விடியும்வரை ஆட்டுவிக்கிறார். கமெரா கொண்டு வருவோர் முழு இரவையும் பதிந்துகொண்டு, ஒரு பொன்னாடை போர்த்திவிட்டுப் போகிறார்கள். “இந்தப் பதிவு எங்கே போகும், எங்களுக்கு என்ன?” என்று அண்ணாவியாரின் மகன் ஒருநாள் கேட்டால், அவனையும் நாம் ‘மனேஜர்’ என்று சொல்லித்தான் சிரிக்கப்போகிறோமா?