வங்கி மேசையும் ‘காலனி’ முகவரியும்

வெளியூர்க் கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவரும் கேட்கும் கேள்விதான்: எந்த வங்கியில் கணக்குத் தொடங்கலாம்? யூடியூபில் கிடைக்கும் பதில்களும் ஒரே மாதிரிதான். எந்தச் செயலி வேகமாக இயங்கும், எந்த அட்டைக்குச் சினிமா டிக்கெட்டில் தள்ளுபடி. மாதாமாதம் அப்பா பணம் அனுப்பும் வீட்டுப் பிள்ளைக்கு இது போதும். உதவித்தொகை வந்தால்தான் விடுதிக் கட்டணம் என்றிருக்கும் பிள்ளைக்கு?

என் கதையைச் சொல்கிறேன். சேர்க்கை நாளன்று, கட்டணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் வங்கி மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. “எல்லாரும் இதுலதான் ஆரம்பிக்கிறாங்க தம்பி” என்றார் கல்லூரி ஊழியர். நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். வங்கிக்காரர் என் ஆதாரில் இருந்த முகவரியைச் சத்தமாக வாசித்தார். ‘காலனி’ என்று வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகலாம், பார்வை போக வேண்டுமே!

மாணவர் கணக்கு என்று சொல்லித் தந்தது சாதாரணச் சேமிப்புக் கணக்கு. போட்ட கையெழுத்துகளில் ஒன்று, ஊர்க் கணக்கில் இருந்த ஆதார் இணைப்பைப் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டது. அரசு நேரடியாகப் போடும் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். உதவித்தொகை வந்ததா என்று கேட்க அம்மா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு ஊர் வங்கிக்கு அலைந்தார். பணமோ இங்கே விழுந்திருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடித்தது போக மீதி!

இது என் ஒருவனுடைய ஏமாளித்தனம் அல்ல. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கான 60 விழுக்காடு நேராக மாணவர் கணக்குக்கே வருகிறது. அந்தக் கணக்கு சரியில்லை என்றால் படிப்பே ஆட்டம் காணும். அபராதமோ, பணம் இல்லாதவரிடம், இல்லை என்பதற்காகவே பிடுங்குவது. பொதுத்துறை வங்கிகளே 2024 மார்ச்சோடு முடிந்த ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாயை இப்படி வசூலித்திருக்கின்றன. பாரத ஸ்டேட் வங்கி 2020இல் இதை நிறுத்தியது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025இல்தான் நிறுத்தின.

“வங்கியில் போய் எதற்குச் சாதி?” என்பார்கள். வரலாற்றைப் புரட்டுங்கள். தூத்துக்குடியில் 1921இல் தொடங்கிய நாடார் வங்கிதான் 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். வணிகமும் சேமிப்பும் கையில் இருந்த சமூகங்கள் வங்கி கட்டிக்கொண்டன. அதைக் குறை சொல்லவில்லை. நாடார்களும் ஒடுக்குமுறையை எதிர்த்து எழுந்தவர்களே. ஆனால் நிலமும் கடையும் மறுக்கப்பட்ட சேரிக்கு எந்த வங்கி இருந்தது? 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. பொதுத்துறை வங்கி நமக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல, நம் பங்கு. அங்கே அநியாயம் நடந்தால் அங்கேயே நின்று சண்டை போடுவோம்.

அந்தச் சண்டைக்கு விதிகள் தெரிய வேண்டும். குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ எல்லோருக்கும் தரப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. ஏடிஎம் அட்டை இலவசம், மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது. அபராதத்தைப் பிடித்துப் பிடித்து உங்கள் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது. உதவித்தொகைக்கென்று தொடங்கிய கணக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் சும்மா கிடந்தாலும் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கக் கூடாது; இது 2024 ஏப்ரல் முதல் விதி. “அப்படியொரு கணக்கே இல்லை” என்று கவுண்டரில் விரட்டினால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். விவரம் கேட்க 14448. ஊர்க் கணக்கே ஒழுங்காக இருந்தால் புதுக் கணக்கும் வேண்டாம். எந்த ஊர் ஏடிஎம்மிலும் பணம் வரும். ஆதார் இணைப்பை மாற்றும் தாளில் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் ஆளுக்கொரு விதியைத் தெரிந்துகொண்டு தப்பிப்பதோடு இது முடியக் கூடாது. குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் போடும் வங்கிக்குக் கல்லூரி வளாகத்தில் என்ன வேலை? சேர்க்கைப் பதற்றத்தில் நிற்கும் முதல் தலைமுறைப் பிள்ளையிடம் ஆள்பிடிக்க அனுமதித்தது யார்? மாணவர் அமைப்புகள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

அடுத்த சேர்க்கை நாளில் அந்த வங்கி மேசைக்குப் பக்கத்தில் நம் மேசையும் இருக்கட்டும் தோழர்களே. நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஒரு சீனியர் இருந்திருந்தால், என் அம்மாவின் மூன்று நாள் கூலி மிஞ்சியிருக்கும்.