அழிப்பதற்கு முன் ஒரு நாழிகை



கள்வன் புகாமலும் தீப்பற்றாமலும் வீட்டின் செல்வம் பறிபோவதுண்டு. அத்தகைய இழப்பு ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத முனைகிறோம்.

புதுநன்மை நாளின் காலை நேரம். மகள் வெண்ணிற ஆடை உடுத்தி வாயிலில் நிற்கிறாள். தந்தை பீரோவிலிருந்து வீடியோ கேமராவை எடுத்து இயக்குகிறார். மெமரி கார்டு நிரம்பிவிட்டது என்று அதன் சிறு திரை அறிவிக்கிறது. கோவில் மணியோ அடித்தாயிற்று. "பழையதை அழித்துவிடுங்களேன்" என்று யாரோ சொல்ல, விரல் ஒரு பொத்தானை அழுத்துகிறது. இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால், சென்ற ஆண்டு காலமான பாட்டி, திண்ணையில் அமர்ந்து பேரனுக்குக் கதை சொன்ன காட்சியும் அதனோடு மறைந்துவிடுகிறது. அது மறைந்த செய்தி வீட்டாருக்குத் தெரியவர மாதங்கள் பல ஆகலாம்.

இத்தகைய துயரம் முன்பு அரிதாகவே நேர்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1980-களில் வீடுகளுக்கு வந்த வீடியோ கேமராக்களும், 1995-இல் வெளிவந்த மினி டிவி வகைக் கேமராக்களும் நாடாவில் பதிவுசெய்தன. ஒரு நாடா நிறைந்ததும் அதன்மேல் பெயரெழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை வாங்கினோம். பதிவுசெய்யும் பொருளே பாதுகாக்கும் பொருளாகவும் இருந்தது. மெமரி கார்டு அவ்வாறானதன்று. 1999-இல் அறிமுகமான எஸ்.டி. கார்டு, நிரப்பி, வெளியே எடுத்து வைத்து, மீண்டும் நிரப்புவதற்கென்றே அமைந்தது. அது குடம், களஞ்சியம் அன்று. குடத்திலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றிய பின்னரே குடத்தைக் கவிழ்க்க வேண்டும். இவ்வொரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும்.

மீண்டும் பயன்படுத்தும் பொருட்டு அழித்துவிட்டுப் பின்னர் வருந்தியவர்கள் எளிய குடும்பத்தார் மட்டும் அல்லர். 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் முதன்முதல் கால்வைத்த காட்சி ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் இருந்த நிலையங்களுக்கு வந்துசேர்ந்தது. தொலைக்காட்சிக்கு ஏற்றவாறு அது மாற்றி ஒளிபரப்பப்பட்டபோது தெளிவு குன்றியது. மாற்றப்படாத மூலப் பதிவு தனி நாடாக்களில் இருந்தது. பிற்காலத்தில் அவற்றைத் தேடியபோது கிடைக்கவில்லை. நாடாப் பற்றாக்குறை நிலவிய காலத்தில் அவை அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்கு மீண்டும் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசா நிறுவனமே தெரிவித்தது. ஒளிபரப்பான படியைத்தான் பின்னர் செப்பனிட வேண்டியதாயிற்று.

நம் தமிழகத்திலும் இதற்கு ஒப்பான இழப்பு உண்டு. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியாயிற்று. இன்று அதன் முழுச் சுருள் எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. அதற்கு முன்னர் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படமாகிய 'கீசக வத'மும் அவ்வாறே மறைந்தது. அக்காலத்துப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் தன்மையுடையவை. ஓடி முடிந்த சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வழக்கமும் உலகெங்கும் இருந்தது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது 1964-இல்தான். அசோக் நகருக்கு அருகிலுள்ள கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் எத்தனையோ படங்கள் பிறந்தன. ஆயினும் தமிழ்ப் படங்களின் தொடக்ககாலத்தைக் கண்ணால் காணும் பேறு நமக்கு இல்லை. பயன் முடிந்தது என்று அன்றைக்குத் தோன்றியதே இதற்கு ஒரு காரணம்.

இனி, அழித்தல் என்பது யாது எனக் காண்போம். கார்டிலுள்ள ஒரு பதிவை அழிக்கும்போது கேமரா அப்பதிவை உடனே துடைத்துவிடுவதில்லை. நூலின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிடுவது போல, 'இவ்விடம் காலி' என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. பக்கங்கள் உள்ளே அப்படியே இருக்கும். அடுத்த பதிவு அவற்றின்மேல் எழுதப்படும்போதுதான் அவை உண்மையாகவே மறைகின்றன. இதில் ஓர் ஆறுதலும் உண்டு. ஓர் எச்சரிக்கையும் உண்டு.

ஆறுதல் இது: தவறி அழித்துவிட்டால் உடனே பதிவை நிறுத்தி, கார்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்திலுள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளி வைத்துவிட வேண்டும். அறிந்தவரிடம் கொடுத்தால் மென்பொருள் கொண்டு மீட்டுத்தர வாய்ப்புண்டு. மீட்டதை அதே கார்டில் எழுதலாகாது. வேறு வட்டில் சேமிக்க வேண்டும். அழித்த பிறகு ஒரு நிமிடம் புதிதாய்ப் பதிந்தாலும் அந்த அளவுக்கு மீட்கும் வாய்ப்பு குறையும்.

எச்சரிக்கை இது: கேமராவையோ கார்டையோ விற்கும்போதும் பிறர்க்குக் கொடுக்கும்போதும் வெறுமனே அழித்தல் போதாது. நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் காட்சிகளை அயலார் மீட்டெடுக்க இயலும். லென்ஸை மூடிவைத்து, கார்டு நிறையும்வரை வெற்றிருளைப் பதிவுசெய்து, பின்னர் அழித்துக் கொடுப்பது எளிய காப்பு. அதனினும் மேலானது கார்டைக் கொடுக்காமலே இருப்பது.

வீட்டிலேயே கார்டைக் காலிசெய்யும் முறைக்கு வருவோம். மூன்று செயல்கள் உண்டு: படியெடுத்தல், சரிபார்த்தல், அழித்தல். இவ்வரிசை மாறலாகாது.

படியெடுக்கும்போது நம்மவர் பலர் வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கியெடுக்கின்றனர். இது தவறான சிக்கனம். 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏ.வி.சி.எச்.டி. முறையில் பதிவுசெய்யும் கேமராக்களில், நீண்ட காட்சி ஒன்று குறிப்பிட்ட அளவை எட்டியதும் தானாகவே பல கோப்புகளாகப் பிரிந்துவிடும். 32 ஜி.பி. வரையிலான கார்டுகளில் வழக்கமாக உள்ள அமைப்பில் எந்தக் கோப்பும் 4 ஜி.பி.யைத் தாண்ட இயலாது என்பது இதற்குக் காரணம். எந்தத் துண்டை அடுத்து எந்தத் துண்டு வரும் என்னும் குறிப்பு வேறொரு சிறு கோப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டால், திருமணப் பூசையின் நடுவே, மணமக்கள் வாக்குறுதி கொடுக்கும் இடத்தில், ஒலியும் ஒளியும் ஒரு கணம் அறுந்துபோகலாம். ஆகவே கார்டில் உள்ள ஃபோல்டர்கள் அனைத்தையும், அமைப்பு மாறாமல், முழுமையாகவே கணினிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு எடுத்த ஃபோல்டருக்கு ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயரிட்டால், பதிவுகள் காலவரிசையில் தாமாகவே நிற்கும்.

நேரம் எவ்வளவு ஆகும் என வினவலாம். நல்ல தரத்தில், அதாவது விநாடிக்கு 17 மெகாபிட் வீதத்தில் எடுத்த ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 7.6 ஜி.பி. இடம்கொள்ளும். 32 ஜி.பி. கார்டு ஏறக்குறைய நான்கு மணி நேரத்தைத் தாங்கும். விநாடிக்கு 20 எம்.பி. வேகத்தில் படியெடுத்தால் நிறைந்த கார்டு முழுவதையும் எடுக்க அரைமணிக்குச் சற்றுக் குறைவாகும். நம் முன்னோர் கணக்கில் ஏறத்தாழ ஒரு நாழிகை. நான்கு மணி நேர வாழ்வைக் காக்க ஒரு நாழிகை மிகையோ? விழா நாளின் காலையில் அந்த நாழிகை கிட்டாது. முந்திய வாரமே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து சரிபார்த்தல். கார்டிலும் கணினியிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். பின்னர் கார்டைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டே படத்தை ஓட்ட வேண்டும். கார்டு உள்ளே இருந்தால், கணினியிலுள்ளதைப் பார்ப்பதாக எண்ணிக் கார்டிலுள்ளதையே பார்த்து ஏமாறக்கூடும். தொடக்கம், நடு, இறுதி என்று மூன்றிடங்களில் ஓட்டிப் பார்த்தல் நன்று.

இறுதியாக அழித்தல். இதனைக் கேமராவிலேயே செய்க, கணினியில் செய்யற்க. கேமரா தன் பதிவுகளுக்கென ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. கணினி வழியே சில கோப்புகளை மட்டும் நீக்கினால் அட்டவணை ஒன்றும் சரக்கு ஒன்றுமாகி, கேமரா பிழை காட்டும். மேலும், விண்டோஸ் கணினியில் கார்டிலிருந்து அழித்தவை குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை; நேரே போய்விடும். மேக் கணினியிலோ அவை கார்டிலேயே மறைவாகத் தங்கும்; குப்பைத்தொட்டியைக் காலிசெய்தாலன்றி இடம் விடுபடாது. படியெடுத்துச் சரிபார்த்த பின் கேமராவின் 'ஃபார்மட்' கட்டளையைக் கொடுத்தால் கார்டு செவ்வனே ஒழுங்குபடும். ஒன்றை நினைவில் கொள்க: 'பாதுகாப்பு' எனக் குறித்த பதிவுகள் சாதாரண அழித்தலுக்குத் தப்பும், ஃபார்மட் கட்டளைக்குத் தப்பா.

படி ஒன்று போதுமா? 2015 டிசம்பர் முதல் நாளிரவும் மறுநாளும் அடையாறு பெருகி வந்தபோது, அசோக் நகர், ஜாபர்கான்பேட்டைப் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்களில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வேளையில் திருமண ஆல்பமும், நாடாக்களும், கணினியும், அதனருகில் வைத்த வட்டும் ஒருசேர நனையும். ஒரே அறையில் வைத்த மூன்று படிகள் ஒரு படிக்கே சமம். ஆகவே இரண்டு வட்டுகளில் படியெடுத்து, ஒன்றை மேல்தளத்திலோ, வேறு ஊரிலுள்ள மகன் அல்லது மகள் வீட்டிலோ வைத்தல் அறிவுடைமை. இணையச் சேமிப்பு வசதி உள்ளவர் மூன்றாவது படியை அங்கே வைக்கலாம். கார்டையே களஞ்சியமாக்கிப் பல்லாண்டு பெட்டியில் போட்டுவைப்பதும் தகாது. அதில் பதிவு மின்னூட்டமாக நிற்கிறது. நெடுங்காலத்தில் அது கசிந்து போகக்கூடும்.

இன்று பலரும் கைப்பேசியிலேயே படம் பிடிக்கின்றனர். 'இடமில்லை' என்னும் அறிவிப்பு அங்கும் வரத்தான் செய்கிறது. மேற்சொன்ன வரிசை அதற்கும் பொருந்தும். பரணில் பழைய வீடியோ கேமரா உள்ளவர்கள், அதன் மின்கலத்தையும் சார்ஜரையும் தேடியெடுத்து, உள்ளே ஒரு கார்டு உறங்குகிறதா என்று இவ்வாரமே பார்ப்பது நலம்.

எதை வைத்து எதை நீக்குவது என்னும் கேள்விக்கு ஒரு சொல். விழா மேடையை நான்கு பேர் எடுத்திருப்பர். அது எங்கேனும் கிடைக்கும். சமையலறையில் அம்மா யாரையோ கூப்பிடும் குரல், கேமரா ஓடுவதை அறியாமல் அப்பா சிரித்த சிரிப்பு, பந்தியில் பெரியப்பா சொன்ன வேடிக்கை ஆகியவை வேறெங்கும் இரா. பயனற்றவை என்று முதலில் நீக்கப்படுபவையும் இவையே. ஆதலால் எதை நீக்குவது என்பதை ஒருவர் மட்டும், அதிலும் அவசரத்தில், தீர்மானிக்கலாகாது. ஞாயிறு மாலை குடும்பமாய் அமர்ந்து பார்த்து, பெரியவர்களையும் கேட்டுத் தீர்மானியுங்கள். கார்டு ஒன்றின் விலை சில நூறு ரூபாய். ஐயம் எழுந்தால் அழிக்காமல் புதியதொன்றை வாங்கிவிடுங்கள்.