பாட்டியின் மைலோ டின்

நான்கு மாதத்துக்கு முன்பு காலை நிகழ்ச்சியில் வாய்விட்டு மாட்டிக்கொண்டேன். “மூன்றே மாதத்தில் என் வீட்டுப் புரோக்கோலியைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுகிறேன்” என்று நேயர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் மறக்கவில்லை. வாரம் தவறாமல், “என்னம்மா, பூ வந்துருச்சா?” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது. வானொலியில் எப்படியோ சமாளித்தேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பூகூட வரவில்லை.

நான் வாங்கியது ‘டி சிக்கோ’ என்ற இத்தாலியப் பாரம்பரிய விதை. நூறாண்டுக்கும் மேலாகக் கைமாறி வரும் வகை. ஹைபிரிட் விதையில் வளர்ந்த செடியிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால், ‘தாயைப் போலப் பிள்ளை’ என்பது பொய்த்துப் போகும். பாரம்பரிய விதை அப்படியல்ல. வேறு வகையோடு மகரந்தம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் தலைமுறை தலைமுறையாக அதே குணம் வரும். அந்த ஆசையில்தான் ஒரு பொட்டலத்துக்குப் பதினெட்டு வெள்ளி கொடுத்தேன்.

தட்டில் அரை அங்குல ஆழத்தில் விதைத்தேன். ஐந்தாம் நாள் முளைத்தது. நான்கைந்து இலை விட்டதும் ஒவ்வொன்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். பச்சைப் புழுக்கள் வந்தன. விடியற்காலை நான்கு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இலைகள் யானைக் காதுபோல் விரிந்தன. பூ மட்டும் இல்லை.

காரணம் எளிது. புரோக்கோலியில் நாம் சாப்பிடுவது விரியாத மொட்டுக் கொத்து. அது நன்றாகத் திரள 15 முதல் 20 டிகிரி வரையிலான குளிர்ச்சி வேண்டும். கிள்ளானில் பகலில் 32, 33 டிகிரி. இரவிலும் அந்தக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. நம் நாட்டுப் புரோக்கோலி கேமரன் மலையிலிருந்து வருவது இதனால்தான். செடி மேல் குற்றமில்லை, நான்தான் இடம் தெரியாமல் வைத்தேன்.

அம்மா ஒருநாள் இளம் இலைகளைக் கிள்ளி, தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தார். “கைலான் மாதிரியே இருக்கே” என்றார். அம்மாவின் நாக்கு தப்பாது. கைலானும் புரோக்கோலியும் ஒரே தாவர இனத்தின் இரண்டு வகைகள்.

சாப்பிட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: “இத்தாலிக்காரப் பாட்டி விதைக்குப் பதினெட்டு வெள்ளி குடுத்திருக்க. உங்க பாட்டி விதை எங்கடி?”

எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவின் அம்மா தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் புடலை போடுவார். காய் வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவார். முதல் காயைப் பறிக்கவே விடமாட்டார். அது கொடியிலேயே பழுத்ததும் விதையை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, மைலோ டின்னில் மூடிவைப்பார். பாட்டி இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. துருப்பிடித்த அந்த டின்னைக் குப்பையில் போட்டது நான்தான். ஆட்டியபோது சலசலத்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று மாலையே அம்மா சுங்கை சிப்புட்டில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசினார். “அம்மா குடுத்த புடலையா? இன்னும் என் வேலியில ஓடுதே!” என்றாராம் அத்தை. மறுவாரம் நாளிதழ்த் தாளில் மடித்து பத்து விதைகள் வந்தன. புரோக்கோலியை எடுத்துவிட்டு அதே தொட்டிகளில் ஊன்றினேன். ஆறு முளைத்திருக்கின்றன.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் என்ன விதை என்று கேளுங்கள்.

நேயர்களே, காய் வந்ததும் சொல்கிறேன். ஆனால் முதல் காயைச் சமைக்க மாட்டேன்.