கோச்சைத் தூக்கியாச்சு... இப்போ நம்ம கோபத்தை யார் மேல காட்டுறது பாஸ்?

ஜனவரி 5, திங்கட்கிழமை மத்தியானம். ஆபீஸ்ல டீ குடிக்கிற நேரத்துல உங்க போன் விடாம அதிர்ந்துச்சுன்னா, நீங்க கண்டிப்பா மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். ரூபன் அமோரிம் அவுட். 14 மாசக் கதை முடிஞ்சது. எங்க வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல வந்தது பட்டாசு ஸ்டிக்கர். ரெண்டாவது வந்தது "அடுத்து யாரு?" மூணாவதா ஒருத்தர் போட்டதுதான் மனசுல நின்னுச்சு: "இதே ஸ்டிக்கரைத்தான் டென் ஹாக் போனப்பவும் போட்டோம்."

உண்மைதான். 2024 அக்டோபர் 28-ல் எரிக் டென் ஹாக்கை அனுப்பினப்போ இதே குரூப், இதே சந்தோஷம். அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-ல் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் டேவிட் மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என்று ஆறு நிரந்தர மேனேஜர்கள் வந்து போயாச்சு. இடைக்கால ஆட்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. "நிரந்தர" என்ற வார்த்தையை எழுதும்போது எனக்கே லேசா சிரிப்பு வருது.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். அமோரிம் மேல ரசிகர்களுக்கு வந்த கோபம் நியாயமில்லாததுன்னு சொல்ல நான் வரலை. அந்தக் கோபத்துக்குக் காரணம் கண்ணு முன்னாடியே இருக்கு. 2024-25 சீசனில் யுனைடெட் 42 பாயின்ட்டோட 15-வது இடத்தில் முடிச்சது. 18 தோல்வி. 1973-74-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினதுக்கு அப்புறம் இவ்வளவு மோசமான சீசன் கிடையாது. யூரோபா லீக் ஜெயிச்சா எல்லாத்தையும் மறந்துடலாம்னு காத்திருந்தோம். மே 21, பில்பாவோ. டாட்டன்ஹாமிடம் 0-1. அந்த சீசனில் லீக்ல நமக்கும் கீழே 17-வது இடத்துல இருந்த டீம் அது.

சரி, புது சீசன், புது ஆட்கள் என்று ஆரம்பிச்சா ஆகஸ்ட் 27-ல் கிரிம்ஸ்பி டவுன். நாலாவது டிவிஷன் டீம். நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவு 12.30-க்கு ஆரம்பிச்ச மேட்ச். 0-2-ல் இருந்து 2-2-க்கு வந்து, பெனால்ட்டி ஷூட்டவுட்டில் 11-12 என்று தோத்தப்போ மணி மூணை நெருங்கிடுச்சு. மறுநாள் காலைல எனக்கு எடிட்டோரியல் மீட்டிங். ஷூட்டவுட்டைப் பார்க்கவே முடியாம டக்அவுட்டில் உட்கார்ந்திருந்த அமோரிமும், மழையில் டாக்டிக்ஸ் போர்டில் காந்த வில்லைகளை நகர்த்திட்டிருந்த அமோரிமும் விடியறதுக்குள்ள மீம் ஆகிட்டாங்க. நானும் ரெண்டை ஷேர் பண்ணினேன், மறைக்கலை.

அமோரிமோட 3-4-3 ஃபார்மேஷன் பத்தி நீங்க நிறைய ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. விஷயம் சிக்கலானது இல்லை. பின்னாடி மூணு டிஃபென்டர், ரெண்டு ஓரத்துலயும் ஓடி ஓடி வேலை பார்க்க விங்பேக், நடுவுல ரெண்டே ரெண்டு மிட்ஃபீல்டர். இங்கிலாந்தில் பெரும்பாலான டீம்கள் நடுவில் மூணு பேரை நிறுத்துவாங்க. மூணு பேருக்கு எதிரா ரெண்டு பேர்னா, ஒருத்தர் எப்பவும் ஃப்ரீயா இருப்பார். அதுவும் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் முப்பதைத் தாண்டின காசெமிரோ, இன்னொருத்தர் இயல்பில் முன்னாடி நின்னு கோல் உருவாக்க வேண்டிய புரூனோ ஃபெர்னாண்டஸ். லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் டீமோட இதே முறையில் ரெண்டு லீக் ஜெயிச்சவர் அமோரிம். அதில் முதல் கோப்பை 19 வருஷக் காத்திருப்புக்கு அப்புறம் அந்த கிளப்புக்குக் கிடைச்சது. முறை தப்பில்லை. ஆனா இருக்கிற துணிக்கு ஏத்த மாதிரிதானே சட்டை தைக்கணும்?

செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 0-3 தோத்தப்போ, தன் முறையை மாத்த மாட்டேன், வேணும்னா ஆளை மாத்திக்கோங்கன்னு சொன்னார். சில நாள் கழிச்சு, போப்பாண்டவரே வந்து சொன்னாலும் மாத்த மாட்டேன்னார். பிடிவாதம்னு கூட விடலாம். ஆனா டிசம்பர் 26-ல் நியூகாஸிலுக்கு எதிரா நாலு டிஃபென்டரோட ஆடி 1-0 ஜெயிச்சார். ஆஹா, மனுஷன் மாறிட்டார்னு நிமிர்ந்து உட்கார்ந்தோம். நாலே நாள்ல, சொந்த மைதானத்துல, டேபிளோட கடைசி இடத்துல கிடந்த வுல்வ்ஸுக்கு எதிரா மறுபடியும் மூணு டிஃபென்டர்! 1-1. ஓல்ட் டிராஃபோர்டு கூட்டமே ஊளையிட்டது.

இந்த இடம் முக்கியம். நேர்ல போய்ப் பார்க்கிற ரசிகர்கள் அதுவரை பெரும்பாலும் அமோரிம் பக்கம்தான் நின்னாங்க. பதினஞ்சாவது இடத்துல கிடந்தப்போகூட வெளியூர் மேட்ச்களில் அவர் பேரைப் பாடினாங்க. போன்ல திட்டினவங்க நாம. 2014 மார்ச்சில் மோயஸை எடுக்கச் சொல்லி ஒரு சின்ன விமானம் பேனரைக் கட்டிக்கிட்டு ஸ்டேடியம் மேல பறந்தப்போ, உள்ள இருந்த கூட்டம் விமானத்தைப் பார்த்துத்தான் ஊளையிட்டது, மோயஸுக்குக் கைதட்டினது. (அதே மோயஸ் 2025 நவம்பரில் எவர்ட்டனோட வந்து, ஆரம்பத்துலயே ஒரு ஆள் ரெட் கார்டு வாங்கிப் போன பிறகும், பத்து பேரை வச்சே 1-0 ஜெயிச்சுட்டுப் போனார். பழி வாங்கற படத்துல கூட இப்படி ஒரு கிளைமாக்ஸ் வச்சா நம்ப மாட்டோம்.)

மைதானக் கூட்டத்துக்கும் நமக்கும் ஏன் இந்த வித்தியாசம்? அவங்க கோபம் வேற முகவரிக்குப் போகுது. 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் யுனைடெட்டை வாங்கினப்போ, வாங்கறதுக்குப் பட்ட கடனில் பெரும்பகுதியை கிளப் தலையிலேயே கட்டினாங்க. 1931-க்கு அப்புறம் கடனில்லாம இருந்த கிளப் அது. அப்பவே ஒரு கூட்டம் ரசிகர்கள் வெளியே போய் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்னு தனி கிளப்பே ஆரம்பிச்சாங்க. 2021 மே 2-ல் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள்ளயே புகுந்ததால் லிவர்பூல் மேட்ச் தள்ளிப் போச்சு. அந்த சீசனில் டீம் ரெண்டாவது இடத்துல முடிச்சது, ஞாபகம் வச்சுக்கோங்க. டீம் நல்லா ஆடினப்பவும் அவங்க தெருவில் இறங்கினாங்க.

2024-ல் ஜிம் ராட்கிளிஃப் வந்து 27.7 சதவிகிதப் பங்கு வாங்கி, கால்பந்து விவகாரங்களைக் கையில் எடுத்தார். அப்புறம் நடந்ததைப் பாருங்க. சுமார் 250 ஊழியர்களுக்கு வேலை போச்சு. அடுத்த சுற்றில் இன்னும் 200 பேர் வரைக்கும்னு அறிவிப்பு. ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாடு நின்னது. 2024-25 சீசன் நடுவுல, மிச்சமிருந்த மேட்ச் டிக்கெட்டெல்லாம் 66 பவுண்டு, சிறுவர், முதியோர் சலுகை கிடையாதுன்னாங்க. நம்ம காசுக்குச் சுமார் 7,000 ரூபாய். பையனைக் கூட்டிக்கிட்டு மேட்ச் போற அப்பாவோட கணக்கைப் போட்டுப் பாருங்க.

அதே ஆட்கள் டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டிச்சாங்க. நாலாவது மாசம் அனுப்பினாங்க. அவரையும் அவர் குழுவையும் அனுப்ப ஆன செலவே ஒரு கோடி பவுண்டுக்கு மேல. தேடிப் பிடிச்ச ஸ்போர்ட்டிங் டைரக்டர் டேன் ஆஷ்வொர்த் அஞ்சு மாசத்துல கிளம்பினார். மூணு டிஃபென்டரை விட்டு இறங்கவே மாட்டார்னு ஊருக்கே தெரிஞ்ச ஒரு கோச்சை, சீசன் நடுவுல, நாலு டிஃபென்டருக்காகச் சேர்த்த டீமுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. கேன்டீன் சாப்பாட்டில் மிச்சம் பிடிச்சு நஷ்டஈட்டில் விட்ட கணக்கு.

இப்போ சொல்லுங்க, இதில் எத்தனை பேரோட முகம் உங்களுக்குத் தெரியும்? கிளேசர் சகோதரர்கள் தெருவில் எதிர்ல வந்தா அடையாளம் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஆனா அமோரிமோட தாடி, தலையைக் கையில் பிடிச்சுக்கிட்டு உட்கார்ற விதம், எல்லாம் அத்துப்படி. ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாடியும் பின்னாடியும் மைக் முன்னாடி வந்து நிக்கிற ஒரே ஆள் அவர்தான். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க? போதாததுக்கு மனுஷர் எதையும் மறைக்கத் தெரியாதவர். 2025 ஜனவரியில் பிரைட்டனிடம் தோத்ததும், யுனைடெட் வரலாற்றிலேயே மோசமான டீம் ஒருவேளை நாமதான்னு அவரே சொன்னார். வேற கோச் யாராவது அப்படி ஒரு தலைப்புச் செய்தியைத் தட்டில் வச்சுக் கொடுப்பாங்களா?

அவர் போனதும் அப்படி ஒரு பேச்சாலதான். ஞாயிற்றுக்கிழமை லீட்ஸோட 1-1 டிரா ஆனதும், நான் இங்கே மேனேஜரா இருக்க வந்தேன், கோச்சா இருக்க இல்லைன்னார். வார்த்தை விளையாட்டு மாதிரி தெரியும், இல்லை. ஃபெர்குசன் மேனேஜர். யாரை வாங்கறது, யாரை விக்கிறதுங்கறதுல அவர் வார்த்தைதான் கடைசி. அமோரிமோட அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்த பதவியே "ஹெட் கோச்". ஆள் எடுக்கறது மேல இருக்கறவங்க வேலை, கொடுத்ததை வச்சு ஆட வைக்கிறது அவர் வேலை. தோத்தா மட்டும் முழுப் பொறுப்பும் பழைய காலத்து மேனேஜர் மாதிரி அவருக்கே. மறுநாள் வேலை போச்சு. அப்போ டீம் ஆறாவது இடத்துல இருந்தது.

கோபி மைனூ விஷயத்துல மட்டும் நான் அமோரிமை மன்னிக்கத் தயாரில்லை. கிளப்போட சொந்த அகாடமியில் வளர்ந்த பையன். இந்த சீசன் லீக்கில் அவர் கையில் ஒரு மேட்ச்கூட முதல் பதினொண்ணுல ஆரம்பிக்கலை. 1937-லிருந்து அகாடமி வீரர் இல்லாம ஒரு மேட்ச்சுக்கும் டீமை அனுப்பாத கிளப்பில், இது வெறும் டாக்டிக்ஸ் சமாச்சாரம் இல்லை. நடுவில் ஆள் குறையுதுன்னு ஊரே கத்தறப்போ, நடுவில் ஆடத் தெரிஞ்ச பையனை பெஞ்சில் உட்கார வச்சதை எந்த முதலாளி மேலயும் தள்ள முடியாது.

சரி, ஆளை மாத்தினா டீம் மாறுமா? நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான மேட்ச்களை ஒரு பொருளாதார ஆய்வாளர் அலசினார். கோச்சை நீக்கினதும் ரிசல்ட் மேல ஏறினது நிஜம். ஆனா அதே அளவு சரிஞ்சும் கோச்சை நீக்காத டீம்களும் அதே மாதிரி மேல ஏறியிருந்தது. ஜுரம் ஏழு நாளும் இருக்கும், மாத்திரை போட்டா ஒரு வாரத்துல சரியாகும்ங்கற கதைதான்.

இதைச் சொன்னா உடனே ஃபெர்குசன் கதையை எடுப்பாங்க. 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லி ஓல்ட் டிராஃபோர்டுலயே ரசிகர் ஒருவர் பேனர் பிடிச்சார். மூணு வருஷமா சாக்குப்போக்குதான்னு அதில் எழுதியிருந்தது. 1990-ல் எஃப்.ஏ. கோப்பை, அப்புறம் 13 லீக். அதனால எல்லாருக்கும் டைம் கொடுங்கன்னு வாதம். எனக்கு இது பாதிதான் சரியா படுது. டைம் கொடுத்தும் ஒண்ணும் நடக்காத கோச்சுகளோட பேனர்களை யாரும் ஞாபகம் வச்சுக்கலை, அவ்வளவுதான். லீக்கில் 47 மேட்ச் ஆடி, மூணுல ஒண்ணுகூட ஜெயிக்காத ஒருத்தருக்கு இன்னும் மூணு வருஷம் கொடுங்கன்னு நானும் எழுத மாட்டேன். அவரைக் கூட்டிட்டு வந்தவங்க அதே நாற்காலியில் உட்கார்ந்து ஏழாவது ஆளைத் தேடப் போறாங்களே, அதைப் பத்தி நம்ம குரூப்ல ஒரு ஸ்டிக்கர்கூட வரலைங்கறதுதான் உறுத்துது.

அந்தப் புதன்கிழமை பர்ன்லியோட மேட்ச். டேரன் ஃப்ளெட்சர் தற்காலிகமா பார்த்துக்கிட்டார். நமக்கு வியாழன் அதிகாலை ஆகிடும். இனிமே இந்த டீமைப் பார்க்கவே மாட்டேன்னு கிரிம்ஸ்பி மேட்ச் அன்னைக்கு சத்தியம் பண்ணின என் ரூம்மேட், மைனூ முதல் பதினொண்ணுல இருக்காரான்னு மட்டும் பார்த்துட்டுத் தூங்கிடறேன்னு அலாரம் வச்சிருந்தார். லிஸ்ட் வந்த பிறகு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.