நீர்வழியே மீன்வழி

கழனிக்கு நீரும் கைக்குத் தொழிலும் வேண்டாவென்பார் ஒருவருமிலர். ஆதலின் அணை கட்டுதலையும் ஆலை நாட்டுதலையும் நாம் குறைகூற வந்தோமல்லேம். எனினும், ஓடும் நீரை மறித்து ஒன்றைக் கட்டுமுன், அந்நீரில் வாழும் உயிர்களுக்கு வழி யாதென வினவுதல் அறிவுடையார் கடன். அவ்வினாவை வினவாமையால் தமிழ்நாடு ஒரு செல்வத்தை முன்னரே இழந்துளது. வாலாஜாபாத்தின் சுற்றுப்புறத்தே மற்றொன்றை இழவாதிருத்தல் நம் கையிலுளது.

முன்னர் இழந்தது உல்லமீன். வங்காளத்தார் இலிஷ் எனப் போற்றும் இம்மீன் கடலில் வளர்ந்து, வெள்ளக் காலத்தில் முட்டையிடுதற்பொருட்டு ஆற்றை எதிர்த்தேறுவது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒருகால் அது திரளாக ஏறிற்று. 1836-ஆம் ஆண்டையொட்டி ஸர் ஆர்தர் காட்டன் அமைத்த அணைகள் தஞ்சைக்குச் சோறளித்தன; உல்லத்துக்கோ தடையாயின. சென்னைப் படையின் மருத்துவராயிருந்து மீன்நூல் வல்லுநராய் விளங்கிய பிரான்ஸிஸ் டே என்பார், அணைகள் மீன்களின் ஏற்றத்தை மறித்தலை 1873-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துரைத்தார். கேட்டார் சிலரே. 1934-இல் மேட்டூர் அணை முடிவுற்றது, ஆற்றின் பெருவெள்ளம் அடங்கியது, உல்லமும் அருகிற்று. முற்காலத்தே கங்கையிலேறி யமுனை வழியே ஆக்ரா, டில்லி வரையும் சென்ற அம்மீன், 1975-இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கிய பின்னர் அதன் மேற்புறத்தே அரிதாயிற்று. சால்மன் மீன்போலத் துள்ளித் தாவும் இயல்பு உல்லத்துக்கு இன்மையால், சால்மனுக்கென வகுத்த படிவழிகள் அதற்குப் பயன்படுவதில்லை.

நீருள் மறைந்து செல்லும் மீனின் யாத்திரையை விஞ்ஞானிகள் எங்ஙனம் அறிகின்றனர்? மீனின் உடலில் சிறு அடையாளச் சீட்டைப் பொருத்திவிட்டு, அது மீண்டும் எங்கே அகப்படுகின்றதென்று பார்த்தல் ஒரு முறை. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உல்லத்துக்கு இங்ஙனம் அடையாளமிட்டுப் பராக்காவின் மேற்புறத்தே விடுத்துள்ளனர். மற்றொரு முறை இன்னும் வியப்புடையது. மீனின் தலையினுள் காதுக்கல் என்றொரு சிறு கல் உண்டு. மரத்தின் வளையங்கள்போல அது படைபடையாக வளர்கின்றது. கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் என்னும் பொருள் மிகுதி; ஆகவே அக்கல்லின் எப்படையில் அது மிகுந்துளதோ, அப்பருவத்தில் மீன் கடலில் வாழ்ந்ததென்று கணிக்கின்றனர். தன் பயணத்தின் வரலாற்றை மீன் தன் தலைக்குள்ளேயே எழுதிவைத்துளது!

மீனின் துன்பத்தையும் அளத்தல் கூடும். நீர் வெப்பமுற்றால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும்; சாக்கடை கலந்தால் மேலும் குறையும். அப்போது மீனின் ரத்தத்தில் கார்ட்டிஸால் என்னும் சுரப்பு மிகும். சின்னாள் இடரை மீன் தாங்கும். இடர் நீடித்தாலோ வளர்ச்சி குன்றி, நோயை எதிர்க்கும் வலிமையும் இனப்பெருக்கமும் தளரும். எனவே மீன்கள் செத்து மிதக்கும் நாள் துன்பத்தின் முதல்நாளன்று, இறுதிநாள்.

இனி நம் ஊரை நோக்குவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் வாலாஜாபாத்துக்கு அண்மையிலுள்ளது. பழம்பெருமை வாய்ந்த தென்னேரியும் தொலைவிலன்று. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பதால், இப்பக்கத்து மீன்களுக்கு ஏரிகளே புகலிடம். ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து கால்வாய் வாயிலாக அடுத்த ஏரியை நிரப்புவது முன்னோர் வகுத்த முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வழியே கெண்டையும் கெளுத்தியும் புதுவெள்ளத்தை எதிர்த்தேறும். பனையேறிக் கெண்டையோ ஈரத்தரையிலும் ஊர்ந்து செல்லும். 1791-இல் தரங்கம்பாடியில் அது பனையில் ஏறக் கண்டதாக டால்டார்ப் என்னும் டேனியர் எழுதிவைத்தார். இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் ஆலைகளும் அகன்ற சாலைகளும் பெருகியுள்ளன. ஏரியைத் தூர்ப்பது கண்ணுக்குத் தெரியும். ஏரிகளை இணைக்கும் கால்வாய் ஒரு மதிற்சுவராலோ உயர்ந்த குழாய்ப்பாலத்தாலோ அறுபடுவது எளிதில் தெரியாது. மீனுக்கு இரண்டும் ஒன்றே.

'ஏரியில் மீன்குஞ்சு வாங்கி விட்டாற் போதாதோ?' என்பர் சிலர். கட்லாவும் ரோகுவும் தேங்கிய ஏரிநீரில் முட்டையிடா. அவற்றுக்கு ஓடும் நீர் வேண்டும். 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்பார் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி அத்தகைய கெண்டையினங்களை முட்டையிடச் செய்த பின்னரே குஞ்சுகள் எளிதிற் கிடைத்தன. இக்கலை பெரிதும் பாராட்டற்குரியது. எனினும் நாம் வளர்ப்பவற்றை மட்டுமே அது பெருக்கும். விலைபோகாத அயிரைக்கும் உளுவைக்கும் ஊசி போடுவார் யார்? அவற்றுக்குத் திறந்த வழியே மருந்து.

ஆதலின், சாலைப் பாலங்களின் அடித்தளம் கால்வாயின் மட்டத்துக்கு மேல் உயராதிருத்தல் வேண்டும். கலங்கற் கால்வாய்கள் பட்டாநிலமாக மாறாதிருத்தல் வேண்டும். கழிவுநீர் தூய்மையுறாமல் ஏரியைச் சேராதிருத்தல் வேண்டும். மாணவ நண்பர்களும் வாளாவிருத்தலாகாது. ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் போதும்: மழை தொடங்கிய நாள், கலங்கல் வழிந்த நாள், முதன்முதல் மீன் ஏறிய நாள், நீரின் வெப்பம் ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதிவைப்போமாக. உல்லத்தைப் பற்றி எச்சரித்தவர் சொல் செவியேறவில்லை. நம் ஏரி மீன்களைப் பற்றியாவது, அவை அற்றுப்போனபின் இரங்குவோராக அன்றி, உள்ளபோதே கணக்கெடுத்துக் காப்போராக நாம் விளங்குவோமாக.