மண்ணுக்கும் ஒரு வில்லங்கச் சான்று வேண்டும்

குரோம்பேட்டை பக்கம் ஃபிளாட் வாங்கப் போகிறவர் என்னவெல்லாம் பார்ப்பார்? மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ அனுமதி, ரேரா எண். லோன் தரும் வங்கியின் வக்கீல் ஒரு தடவை பார்ப்பார், சொந்த வக்கீல் இன்னொரு தடவை. அந்த இடத்தை யார் யாருக்கு விற்றார்கள், எந்த வங்கியில் அடமானம் இருந்தது என்பதெல்லாம் அத்துப்படி ஆகிவிடும். அந்த மண்ணுக்குள் என்ன இறங்கியிருக்கிறது என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இத்தனைக்கும் ஊர்ப் பெயரே துப்பு கொடுக்கிறது. 1912இல் ஜி.ஏ.சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான் குரோம்பேட்டை என்ற பெயர். ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். அந்த வேகம் ஒரு தொழிலையே வளர்த்தது. பல்லாவரம், நாகல்கேணி என்று தோல் பதனிடும் ஆலைகள் வரிசையாக வந்தன. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1990களின் நடுவில்தான். அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பகுதிக் கிணறுகளைச் சோதித்து, பலவற்றில் குரோமியம் குடிநீர் வரம்பைத் தாண்டியிருப்பதைப் பதிவு செய்தார்கள். நாகல்கேணியின் பெயரிலேயே கேணி இருக்கிறது என்பது தனிச் சோகம்.

அந்த வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதாவது ஒரே ஒரு கிராம் குரோமியம், 20,000 லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு பெரிய டேங்கர் லாரிக்கும் மேல்.

குரோமியத்துக்கு இரண்டு முகம் உண்டு. மூவிணைதிறன் கொண்டது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆறிணைதிறன் கொண்டது தண்ணீரில் கரைந்து நகரும்; புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. தோல் ஆலைகள் பயன்படுத்தியது முதல் வகையைத்தானே என்பார்கள். சரிதான். ஆனால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் முதல் வகையை இரண்டாவதாக மாற்ற முடியும். எந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

எப்படிச் சோதிப்பது? இங்கேதான் பெரும்பாலான ஏமாற்றும் நடக்கிறது. நான்கு மூலையிலும் மேல்மண்ணை ஒரு பிடி அள்ளி, ஒன்றாகக் கலந்து, லேபுக்கு அனுப்பினால் 'எல்லாம் வரம்புக்குள்' என்று அறிக்கை வந்துவிடும். கலந்தால் நஞ்சு இருக்கும் மூலை, இல்லாத மூன்று மூலைகளில் கரைந்துபோகும். தவிர, கட்டுமானத்துக்கு முன்பு மனையை உயர்த்தக் கொட்டிய கிராவல்தான் மேலே இருக்கும். அதைச் சோதித்தால் தெரியப்போவது வேறு ஊர் ஏரியின் மண்.

முறையான ஆய்வு கடப்பாரைக்கு முன்பு காகிதத்தில் தொடங்கும். பழைய வரைபடம், ஆலையின் உரிமங்கள், ஊறல் தொட்டி எங்கே இருந்தது, கழிவு எந்தப் பக்கம் வழிந்தது என்று சொல்லக்கூடிய பழைய தொழிலாளிகள். எங்கே சிந்தியது, எதன் வழியாகப் போனது, யாரிடம் போய்ச் சேர்கிறது என்று ஒரு சித்திரம் கிடைத்த பிறகுதான் துளை. ஆழம் ஆழமாகத் தனித்தனி மாதிரிகள். நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று அறிய குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள். அதுவும் கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு முறை. ஒரே நாளில் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர் எதையும் நிரூபிக்காது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் மாவட்டத்துக்கு ஒரே அடித்தளம் இல்லை. பல்லாவரம் பக்கம் சார்னோக்கைட் பாறை. (கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது, பாறைக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள்.) பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் போகும். பக்கத்து வீட்டு போரில் ஒன்றுமில்லாமல், நான்கு தெரு தள்ளி இருக்கும் போரில் மஞ்சளாக வரலாம். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையான கடற்கரையோ மணல். மேலே கொட்டியது தடையில்லாமல் கீழே இறங்கும். போரில் அதிகம் உறிஞ்சினால் கடல்நீரும் உள்ளே வரும். அந்தக் கரையின் நெம்மேலியில்தான் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறோம். மணலுக்குள் மழை சேர்த்துவைக்கும் நன்னீரைக் கெடுத்துக்கொண்டால் அதை ஈடுகட்ட ஆகும் செலவு என்ன என்பதற்கு அந்த ஆலையே கணக்கு.

சுத்தம் செய்வது முடியாத காரியம் இல்லை. மண்ணைத் தோண்டிப் பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்கு அனுப்பலாம். இரும்புச் சேர்மங்களைச் செலுத்தி, கரையும் குரோமியத்தை அங்கேயே கரையாததாக மாற்றலாம். நீரை உறிஞ்சிச் சுத்திகரிக்கலாம். ஆனால் காலம் பிடிக்கும். 'எரின் புரொக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்கு கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி ஊர் நினைவிருக்கும். அங்கே பிஜி&இ நிறுவனம் குரோமியத்தைப் பயன்படுத்தியது 1952 முதல் 1966 வரைதான். 1996இல் 33.3 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. நீரை இறைத்துக் குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சி, அந்த மண்ணிலேயே நஞ்சை மாற்றும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. பதினான்கு வருடத் தவறுக்குப் பல பத்தாண்டுகள் துடைப்பம்.

நம்மிடம் துடைப்பத்தை எடுக்கவே தலைமுறை ஆகிறது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையை பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் பட்டியலிட்டது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டையே ஆண்டுக்கணக்கில் நீண்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதும் என்றது ஒரு தரப்பு. ஐரோப்பாவில் இதைவிடக் கடுமையாகக் கேட்பார்கள் என்றது இன்னொரு தரப்பு. இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், சரிவில் மண் அரிக்கும் என்ற பதில் முழுக்கச் சாக்கு அல்ல. ஆனால் 'சுத்தம்' என்பது விஞ்ஞானம் மட்டும் தீர்மானிக்கும் எண் இல்லை என்பது அங்கே தெளிவானது. அந்த மண்மீது யார் வாழப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

செங்கல்பட்டுக்கு இந்தப் பாடம்தான் முக்கியம். தொழிற்சாலை நிலத்துக்கு ஏற்கப்படும் அளவு, குழந்தைகள் மண்ணில் விளையாடும் குடியிருப்புக்குப் பொருந்தாது. ஜிஎஸ்டி சாலையிலும் ஓஎம்ஆரிலும் பழைய தொழில் நிலங்கள் குடியிருப்புகளாக மாறும்போது, நில வகைப்பாடு மாறுகிறது, மண் மாறுவதில்லை. பேஸ்மென்ட் தோண்டும்போது அந்த மண் லாரியில் ஏறி இன்னொருவர் மனைக்கு நிரப்பு மண்ணாகவும் போய்விடும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்னது. தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட தோல் ஆலைகள் இருந்த மாவட்டங்களில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களை நிர்வகிக்க மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். முதற்கட்ட ஆய்வுக்கு 90 நாள். நல்ல விஷயம். ஆனால் சுத்தம் செய்து முடிக்கக் கெடு இல்லை. நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட 103 இடங்களில் ஏழில் மட்டுமே பணி தொடங்கியிருந்த நிலையில் வந்த விதிகள் இவை. சந்தேகம் எழுந்தால்தான் பட்டியல். மதில் கட்டி, கிராவல் கொட்டிய மனைமேல் யாருக்குச் சந்தேகம் எழும்?

அதனால் கேள்வியை நில வகைப்பாடு மாறும் இடத்திலேயே கேட்க வேண்டும். தொழில் நிலத்தைக் குடியிருப்பாக்க விண்ணப்பம் வந்தால், மண், நிலத்தடி நீர் ஆய்வு அறிக்கை இல்லாமல் சிஎம்டிஏவும் டிடிசிபியும் கையெழுத்துப் போடக் கூடாது. அறிக்கை சர்வே எண்ணோடு பொதுவில் இருக்க வேண்டும். பன்னாட்டு நிறுவனங்கள் ஆலைக்கு இடம் வாங்கும்போது இந்தச் சோதனையைச் செய்கின்றன. நாளை யாராவது வழக்குப் போட்டால் தாங்கள் பொறுப்பாகக் கூடாது என்பதற்காக. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கும் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் பதறுவார்கள். விலை போய்விடும், வங்கி லோன் தராது. நியாயமான பயம். ஆனால் போர் தண்ணி லட்சணம் தெரிந்துதான் அவர்கள் கேன் வாங்குகிறார்கள். தெரியாமல் வருகிறவர் அடுத்து வாங்கப்போகிறவர் மட்டுமே. கடைசியாகப் பத்திரம் எழுதியவர் தலையில் செலவு விழாமல் இருக்க வேண்டுமானால், முதலில் கொட்டியவர் யார் என்பது ஆவணத்தில் இருந்தாக வேண்டும். ஊறல் தொட்டி எங்கே இருந்தது என்று கைகாட்டக்கூடிய தொழிலாளிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.