மருந்து அறைக்கு பீஸ் ரேட் கூலி வேண்டாம்

ஒரு கிலோ விறகில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு கிலோ கரிமருந்தில் இருக்கிறது. ஆனாலும் விறகு உலை கொதிக்க வைக்கிறது. கரிமருந்து கட்டடத்தைத் தரைமட்டமாக்குகிறது. வித்தியாசம் ஆக்சிஜனில் இருக்கிறது. விறகு காற்றிலிருந்து அதைக் கொஞ்சங்கொஞ்சமாக இழுத்துத்தான் எரிய முடியும். கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு. ஆக்சிஜனை அதுவே கொடுத்துவிடும். மீதி 15 பங்கு கரித்தூள், 10 பங்கு கந்தகம். பற்றிக்கொண்டால் மண்ணள்ளிப் போட்டு மூடினாலும் அணையாது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் இதோடு அலுமினியத் தூளும் சேர்கிறது. வெளிச்சமும் சத்தமும் அதனால்தான். வெடியுப்போடு கலந்த அலுமினியத்தில் ஈரம் பட்டால் இரண்டும் மெல்ல வினைபுரிந்து தானாகவே சூடேறும். அதைத் தடுக்க போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. 'மருந்து நீர்த்துப்போச்சு' என்று தொழிலாளர்கள் சொல்வது, இப்படிக் கெட்டுப்போய் எப்போது வெடிக்கும் என்று தெரியாத கலவையைத்தான். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

ஆக, ஆபத்து புரியாத புதிர் அல்ல. கந்தகத்தோடு குளோரேட் சேர்த்தால் லேசான உரசலுக்கே வெடிக்கும் என்பதால் 1992-லேயே இந்தியாவில் அந்தக் கலவை தடை செய்யப்பட்டது. ஓர் அறைக்கு நான்கு பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று விதிகளும் இருக்கின்றன. ஓர் அறை போனாலும் பக்கத்து அறை பிழைக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

ஆனாலும் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல; முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடிவந்தவர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தன.

ஒவ்வொரு முறையும் 'மருந்து உராய்வே காரணம்' என்று செய்தி வருகிறது. போர்மேன் மீது வழக்குப் பதிவாகிறது. உராய்வு தீயை மூட்டியிருக்கலாம்; உயிர்களைக் குடித்தது அறையில் அளவுக்கு மீறிக் குவிந்திருந்த மருந்தும் ஆட்களும்தான். ஏன் குவிந்தன? உள்குத்தகைக்காரர் கொடுத்த பணத்தை சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். மருந்து செலுத்துகிறவருக்கோ எத்தனை குழாய் முடித்தாரோ அத்தனைக்குத்தான் கூலி; இதுதான் பீஸ் ரேட். வேகமாக இடித்தால் கூடுதல் காசு, நிதானமாகச் செய்தால் வீட்டுக்குக் குறைந்த காசு. இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பிள்ளையைப் படிக்க வைக்கப் பாடுபடும் ஒரு தாயிடம் கவனமாக இருக்கச் சொல்வது நியாயமில்லை.

பட்டாசுத் தொழிலை மூடு என்பதல்ல கோரிக்கை. மழை பொய்த்த கரிசல் காட்டில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. பெட்டி ஒட்டுவது, கட்டு கட்டுவது போன்ற வேலைகளில் பீஸ் ரேட் இருந்துவிட்டுப் போகட்டும். மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் மட்டும் அதை ஒழித்து, நாள் சம்பளத்தைச் சட்டமாக்க வேண்டும். உள்குத்தகை நடந்தால் உரிமம் பெற்றவரே முதல் குற்றவாளியாக நிற்க வேண்டும். தீபாவளி ஆர்டர்கள் குவியத் தொடங்கும் முன்பே தமிழக அரசு இந்த இரண்டையும் செய்ய வேண்டும்.